உங்கள் வீட்டுச் சட்டியையும் கொண்டு வாருங்கள்

"வடிவாயிருக்கு அக்கா, இவரிட்டக் கேட்டுச் சொல்றன்."

திருகோணமலையில் வீடு வீடாகப் போய்ச் சமையல் பாத்திரம் விற்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம், உப்புவெளி என்று நான் ஏறி இறங்காத படலை குறைவு. இந்த இரண்டு வருடத்தில் நான் அதிகம் கேட்ட வசனம் மேலே இருப்பதுதான். சொல்கிற பிள்ளைக்குப் பாத்திரம் பிடித்திருக்கும், கையில் எடுத்துப் பாரம் பார்த்திருப்பாள், மூடியைத் திறந்து மூடியிருப்பாள், அடுப்பில் வைத்தால் எப்படி இருக்கும் என்று குசினிப் பக்கம் ஒரு தரம் திரும்பியும் பார்த்திருப்பாள். இரவு அவர் வேலை முடிந்து களைத்து வந்த நேரம் பார்த்துக் கேட்டால், "இருக்கிற சட்டி காணாதோ?" என்று ஒரு கேள்வி வரும். அத்தோடு கதை முடிந்தது.

அந்த அண்ணன்மாரில் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரிந்தது விலை மட்டும். அந்தச் சட்டியை அவர் ஒரு நாளாவது தூக்கிப் பிடித்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பார். காசைப் பற்றித் தீர்மானிப்பவர் ஒருவர், அந்தச் சாமானை ஒரு நாளைக்கு மூன்று தரம் அடுப்பில் ஏற்றி இறக்குகிறவர் இன்னொருவர். நான் இவ்வளவு காலமும் பாதி ஆளிடம் மட்டும் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று விளங்கிய பிறகுதான் புருஷனையும் பெண்சாதியையும் சேர்த்துக் கூப்பிடும் யோசனை வந்தது.

நான்கு சோடியைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டு அண்ணனும் அக்காவும். அவர் ஓட்டோ ஓடுகிறார். பாலையூற்றில் இருந்து ஒரு சோடி, அந்த அண்ணன் வெல்டிங் வேலை. என் மச்சாளும் அவருடைய அவரும். கிண்ணியாவில் இருந்து என் கணவருடன் வேலை செய்யும் நானாவும் அவரது மனைவியும். 'பார்ட்டி' என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. எங்கள் பக்கம் பார்ட்டி என்றால் ஆண்கள் போத்தலை நினைப்பார்கள், பெண்கள் வரமாட்டார்கள். "ஞாயிறு பின்னேரம் எங்கட வீட்டில சமைச்சுச் சாப்பிடுவம், வாங்கோ. நான் பாத்திரமும் காட்டுவன், வாங்க வேணும் எண்டு இல்ல" என்று நேராகவே சொன்னேன். பாத்திரம் காட்டப்போவதை மறைத்துக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. சாப்பிட வந்த இடத்தில் திடீரென்று விலைப்பட்டியலை நீட்டினால், அடுத்த கலியாண வீட்டில் அந்த ஆள் நம் முகத்தைப் பார்க்கமாட்டார்.

இரண்டு நிபந்தனை வைத்தேன். ஒன்று, உங்கள் வீட்டில் தினமும் அடுப்பில் ஏறுகிற சட்டி ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டு வர வேண்டும். புதிதாக இருக்கக்கூடாது. மற்றது, ஆண்கள்தான் சமைக்க வேண்டும், பெண்கள் கதிரையில் இருந்து வாயால் மட்டும் சொல்ல வேண்டும், கையை நீட்டக்கூடாது. இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "விடுங்கோ, நான் செய்யிறன்" என்று அகப்பையைப் பறித்துவிடுவார்கள்.

இந்த மாதிரிச் சோடியாகக் கூப்பிட்டு விற்பது நான் கண்டுபிடித்தது அல்ல. சில வருடத்துக்கு முன் வேறொரு ஊரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் ஒரு கம்பனி எங்களையும் அப்படிக் கூப்பிட்டது. கட்டாயம் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் வர வேண்டும், இராச்சாப்பாடு இலவசம் என்றார்கள். மூன்று மணித்தியாலம் கதைத்தார்கள். நாங்கள் இதுவரை சமைத்ததெல்லாம் பிள்ளைகளுக்கு நஞ்சு என்கிற அளவுக்குப் பயமுறுத்தினார்கள். இன்றிரவே கையெழுத்து வைத்தால்தான் இந்த விலை, நாளைக்கு இல்லை என்றார்கள். பிள்ளை நித்திரையில் மடியில் சரிந்துவிட்டது, வீட்டுக்குப் போனால் காணும் என்றிருந்தது, இவர் கையெழுத்தை வைத்தார். ஒன்றரை வருடம் மாதாமாதம் கட்டினோம். அந்த ஏழு பாத்திரத்தில் மூன்று இன்றுவரை அடுப்பில் ஏறவில்லை. அங்கே சோடியாகக் கூப்பிட்டது ஏன் என்று இப்போது விளங்குகிறது. "அவரிட்டக் கேட்டுச் சொல்றன்" என்று தப்பிப் போகிற வழியை அடைப்பதற்குத்தான். நான் அதே வழியை எடுத்ததால், எனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: என் வீட்டில் அன்றிரவு எந்த ஓடரும் எடுப்பதில்லை. காசை மேசையில் வைத்தாலும் வாங்கமாட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தெழும்பி, இரண்டு நாள் கழித்துச் சொல்லட்டும்.

வீட்டில் கூட்டி விற்கும் முறைக்கு நல்ல ஒரு தொடக்கமும் இருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டப்பர்வேர் பிளாஸ்டிக் பாத்திரம் கடைகளுக்கு வந்தபோது வடிவாக விற்கவில்லை. அந்த மூடியை அழுத்தி, ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காற்றை வெளியே விட்டால்தான் இறுக மூடும். கடைத் தட்டில் கிடக்கும் பாத்திரம் அதைச் சொல்லித்தராதே. பிரவுனி வைஸ் என்ற பெண் வீடுகளில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, மூடிக் காட்டி விற்றார். அவரைப் போன்றவர்களின் விற்பனையைப் பார்த்துத்தான் கம்பனி 1951இல் கடைகளை விட்டுவிட்டு முழுக்க வீட்டு விற்பனைக்கு மாறியது. 1954இல் பிஸ்னஸ் வீக் சஞ்சிகையின் அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான். 1958இல் அதே கம்பனி அவரை வெளியே அனுப்பிவிட்டது. அதை வாசித்த அன்று எனக்கு மனம் சரியில்லை. ஆனால் அவர் பிடித்த விசயம் சரி. பார்த்தால் தெரியாத, செய்து பார்த்தால் மட்டும் தெரிகிற குணம் ஒரு சாமானுக்கு இருந்தால், அதை வீட்டில்தான் விற்க வேண்டும். அவர் காலத்தில் கணவன் வேலைக்குப் போன பகலில் பெண்கள் மட்டும் கூடினார்கள். எனக்கு அது போதாது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வெள்ளி எங்கள் பலருக்கு மரக்கறி, நானாவுக்கு ஜும்ஆ. சனி சிலருக்கு விரதம். ஆகவே ஞாயிறு. காலையில் திருக்கடலூர்ப் பக்கம் போய்ப் பாரை மீனும் கணவாயும் எடுத்தேன். தம்பலகாமத்துத் தயிர் ஒரு முட்டி. சாப்பாடு: சோறு, பருப்பு, பாரைக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், சொதி, கத்தரிக்காய்ப் பொரியல். ஆளுக்கு ஒரு அயிட்டத்துக்கு மேல் கொடுக்கவில்லை. புதிதாகச் சமைக்கிறவரிடம் பெரிய சமையல் கேட்கக்கூடாது என்பது என் எண்ணம். வாயில் தண்ணீர் ஊற வேண்டுமே தவிர மண்டை காயக்கூடாது. எங்கள் குசினியில் காஸ் அடுப்பு இரண்டு வாய், ஒரு இண்டக்‌ஷன், வெளியே கொட்டிலில் ஒரு விறகடுப்பு. அது நான்கு பேருக்குக் காணும்.

நான்கு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். கொண்டு வந்த சட்டிகளை மேசையில் வரிசையாக வைத்தோம். எனக்கு அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மச்சாளின் அலுமினியத் தாச்சி அடி வளைந்து, மேசையில் வைத்ததும் ஆடியது. பாலையூற்று அக்கா கொண்டு வந்த நொன்ஸ்டிக் தாச்சியில் நடுப்பூச்சு போய் உலோகம் தெரிந்தது. நானாவின் மனைவி கொண்டு வந்தது ஒரு மண்சட்டி, கறுத்து மினுங்கி, புளி குடித்துக் குடித்துப் பழகியது. எதிர்வீட்டு அக்காவின் அலுமினியச் சட்டியில் ஒரு கைபிடி தளர்ந்து துணி சுற்றியிருந்தது. ஒரு வீட்டின் பத்து வருடம் அந்தச் சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்கள் யாரும் அதுவரை தங்கள் வீட்டுச் சட்டியை அப்படி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

முதலில் கணவாய். கால் கிலோ மச்சாளின் தாச்சியில், கால் கிலோ என் தடித்த அடித் தாச்சியில். அதே எண்ணெய், அதே தூள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காஸ் வாய். மச்சாளின் அவர் இரண்டையும் பார்த்துக்கொண்டார். மெல்லிய தாச்சியில் கணவாயைப் போட்ட உடனே சூடு விழுந்து தண்ணீர் விட்டது, அந்தத் தண்ணீரிலேயே கிடந்து அவிந்தது. தடித்ததில் சத்தம் குறையவில்லை, ஓரம் சிவந்து மூன்று நிமிடத்தில் இறக்கினோம். கணவாய்க்கு நடு வழி கிடையாது. கடும் சூட்டில் சில நிமிடம், இல்லாவிட்டால் மெல்லிய சூட்டில் நெடுநேரம். இடையில் எடுத்தால் ரப்பர்தான். இரண்டையும் இரண்டு கோப்பையில் போட்டு எல்லாரும் ருசி பார்த்தார்கள். மச்சாளின் அவர் மென்றுகொண்டே அவளைத் திரும்பிப் பார்த்து, "உனக்குக் கணவாய் சமைக்கத் தெரியாது எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சது" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதன் காரணத்தை விளக்க நான் வாயெடுக்கும் முன், வெல்டிங் அண்ணன் என் தாச்சியைக் கவிழ்த்து அடியை விரலால் தட்டிப் பார்த்தார். எவர்சில்வர் தனியாகச் சூட்டை நன்றாகக் கடத்தாது. அலுமினியம் அதைப் போல பதினைந்து மடங்கு கடத்தும். ஆகவே அலுமினியத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் எவர்சில்வர் தகட்டால் மூடுகிறார்கள், சூடு அடி முழுக்கச் சமமாகப் பரவும், புளியும் தேசிக்காயும் அலுமினியத்தைத் தொடாது. இதை அவர் என்னைவிட வடிவாகச் சொன்னார். 18/8 என்று அடியில் போட்டிருப்பது குரோமியம் 18 வீதம், நிக்கல் 8 வீதம் என்பதையும் சொன்னார். காந்தம் ஒன்று கேட்டார், பிரிட்ஜில் ஒட்டியிருந்ததைக் கொடுத்தேன். உள்பக்கம் ஒட்டவில்லை, அடியில் ஒட்டியது. அடித்தகடு வேறு வகை எவர்சில்வர், அதனால்தான் இண்டக்‌ஷனில் வேலை செய்கிறது. "ஆனா காந்தம் ஒட்டாட்டி நல்ல சாமான் எண்டு நம்பிடாதைங்கோ, நிக்கல் குறைஞ்ச மலிவு வகையிலயும் ஒட்டாது" என்றும் எச்சரித்தார். பத்து நிமிடம் எல்லா ஆண்களும் அவரைச் சுற்றி நின்றார்கள். பாத்திரம் பெண்கள் விசயம் என்ற நினைப்பு அந்தப் பத்து நிமிடத்தில் கழன்றது. உலோகத்தைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் அவர்களுக்கு எவ்வளவோ தெரியும், அது குசினிக்குள் வருவதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பூச்சுப் போன நொன்ஸ்டிக் தாச்சியைப் பற்றிக் கேட்டார்கள். அதை வைத்துப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. வெறும் தாச்சியை எரியும் அடுப்பில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், 260 பாகைக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். உரிந்து போனது இனி முட்டைக்கும் உதவாது, தூக்கிப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். எவர்சில்வரில் ஒட்டாமல் பொரிக்கிற வழியைப் பாலையூற்று அக்காவின் கணவருக்கே செய்து காட்டச் சொன்னேன். தாச்சியை நன்றாகக் காய விட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். உடனே சீறி வற்றினால் சூடு காணாது. முத்து மாதிரி உருண்டு ஓடினால் சரி, கிட்டத்தட்ட 200 பாகை. பிறகு அடுப்பைக் குறைத்து எண்ணெய், அப்புறம் கத்தரிக்காய். சொட்டு உருண்டு ஓடியபோது சின்னப் பிள்ளைகள் எல்லாம் குசினி வாசலில் கூடிவிட்டார்கள்.

நானாவின் மனைவியின் மண்சட்டியில் பாரைக் குழம்பு, கொட்டிலில் விறகடுப்பில். அவருக்கு நான் எதையும் காட்டவில்லை. புளிக்குழம்புக்கு அதைவிட நல்ல சட்டி என்னிடம் இல்லை, மாற்றாதீர்கள் என்று எல்லார் முன்னும் சொன்னேன். விற்க வந்தவள் இப்படிச் சொல்லலாமா என்று என் கணவர் பிறகு கேட்டார். சொல்ல வேண்டும். இதை வாங்க வேண்டாம் என்று ஒன்றைக் காட்டிச் சொல்லாதவளின் 'இதை வாங்குங்கள்' எதற்கும் பெறுமதி இல்லை.

ஆறு மணி தாண்டியதும் நானாவுக்கும் மனைவிக்கும் மஃரிப் தொழுகைக்கு உள் அறையைக் கூட்டிப் பாய் விரித்துக் கொடுத்தேன். எல்லா அடுப்பையும் குறைத்துவிட்டு மற்றவர்கள் திண்ணையில் தேத்தண்ணி குடித்தோம். குழம்பும் அந்த இடைவெளியில் நன்றாக இறுகியது.

சொதி எதிர்வீட்டு அண்ணனின் பொறுப்பு. அவருடைய வீட்டுச் சட்டியிலேயே வைக்கச் சொல்லியிருந்தேன். முதற்பால் விட்டு, கொதிக்க முன் இறக்க வேண்டும். அவர் துணி சுற்றிய கைபிடியைப் பிடித்துத் தூக்கியதும் அது கைக்குள் சுழன்று சட்டி சரிந்தது, கொஞ்சம் சொதி அடுப்பில் ஊற்றுப்பட்டது, கொஞ்சம் அவர் கையிலும் பட்டது. அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. மிகச் சாதாரணமாக, "அது அப்பிடித்தான், பெருவிரலக் கீழால குடுத்துப் பிடியுங்கோ" என்றார்.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"சின்னவள் பிறந்த நேரம் கழண்டது."

சின்னவள் இந்த வருடம் ஓ.எல். எடுக்கிறாள்.

அண்ணன் கையைப் பைப்பில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அக்காவின் வலது பெருவிரலின் கீழே ஒரு பழைய தழும்பு இருக்கிறது. எத்தனையோ தரம் எங்கள் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன், எனக்கும் அது கண்ணில் பட்டதில்லை. அன்று அவர் அதைப் பார்த்தார். நான் அந்த நேரம் என் பாத்திரங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஒரு செட் போயிருக்கும் என்று தெரியும். அது வேண்டாம்.

மாமி, என் கணவரின் அம்மா, முதலில் அறைக்குள்ளேயே இருந்தார், ஆண்களைக் குசினியில் விட்டதில் அவருக்கு விருப்பமில்லை. சாப்பாட்டு நேரம் வந்து கணவாயில் ஒரு துண்டும் குழம்பில் ஒரு கரண்டியும் எடுத்துப் பார்த்துவிட்டு, "உப்புக் குறைவு, மற்றும்படி நல்லாச் செய்திருக்கிறாங்கள்" என்றார். மாமியிடம் இருந்து அது பெரிய சான்றிதழ். தயிரும் கித்துள் பாணியும் முடிய ஒன்பது மணி.

இரண்டு நாள் கழித்து வந்த கணக்கு: மச்சாளுக்கு ஒரு தடித்த தாச்சி. பாலையூற்று அக்காவுக்குத் தாச்சியும் பிரசர் குக்கரும். குக்கரைக் கேட்டது அண்ணன். 2022இல் காஸ் வரிசையில் நின்ற எவருக்கும் 12.5 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் போகும் என்ற கணக்கு மனப்பாடம். குக்கருக்குள் அமுக்கத்தில் தண்ணீர் 120 பாகை அளவுக்குச் சூடேறுவதால் பருப்பும் இறைச்சியும் பாதி நேரத்துக்குள் அவியும் என்றதும் அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். நானா வீட்டில் ஒன்றும் எடுக்கவில்லை, எடுக்கத் தேவையுமில்லை.

எதிர்வீட்டு அண்ணன் அடுத்த நாள் காலையில் ஓட்டோவை வெளியே எடுக்க முன், இரும்புக் கடையில் ஆணியும் வாசரும் வாங்கி வந்து அந்தக் கைபிடியை இறுக்கினார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் அக்கா வந்து, இவர் சட்டி ஒன்று பார்க்கச் சொன்னார் என்றார். விலையைக் கேட்டதும் தயங்கினார், ஆகவே சீட்டு மாதிரி ஒன்று போட்டோம். ஐந்து பேர், மாதம் ஒருவருக்குப் பாத்திரம், ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். ஆள் சேர்த்தால் காசு என்ற கதைக்கு இதில் இடமில்லை. அந்தப் பிரமிட் வேலையை இலங்கையில் வங்கிச் சட்டமே தடைசெய்திருக்கிறது, ஆனாலும் என்னிடம் ஒவ்வொரு மாதமும் யாராவது "உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?" என்று கேட்கிறார்கள். எனக்குக் கீழே ஒருவரும் இல்லை.

வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் பரிசையும் மாற்றியிருக்கிறேன். வழமையாக, வந்தவர்கள் வாங்குகிற தொகைக்கு ஏற்றபடி கூட்டத்தை நடத்துகிற வீட்டுக்குப் பரிசு கூடும். அப்படிச் செய்தால் அந்த அக்கா தன் தங்கச்சி எவ்வளவுக்கு வாங்கினாள் என்று எண்ணத் தொடங்குவார். நான் விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரே பரிசு, ஒரு நல்ல குசினிக் கத்தி. மீனுக்கும் சமையல் சாமானுக்கும் பாதிக் காசு என்னுடையது.

அடுத்தது வாற ஞாயிறு பாலையூற்றில், வெல்டிங் அண்ணன் வீட்டில். நண்டு சமைக்கப் போகிறார்களாம், கிண்ணியாவில் இருந்து நானா கொண்டு வருகிறார், குழம்புக்கு அந்த மண்சட்டியும் வருகிறது. மச்சாள் தன் பழைய ஆடுகிற தாச்சியை எனக்கே தந்துவிட்டாள். பக்கத்தில் வைத்துக் காட்ட அது வேண்டும், இன்றைக்கே துடைத்துப் பையில் வைத்துவிட்டேன்.